இருட்டும் மந்திரமும் தூக்கலான நாவல்: ஆறில் எதை எடுப்பது?

டிராகன்களும் அரியணைச் சண்டையுமாக ஓடிய சீரியலைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இனி படிக்கலாம்னு இருக்கேன். நல்ல டார்க் ஃபேன்டசியா, மந்திரமும் பழைய தெய்வங்களும் நிறைய வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.” கேட்டதும் இருபது பெயர் வந்து விழும். இருபதின் அட்டையிலும் ‘மாஸ்டர்பீஸ்’ என்று போட்டிருக்கும். அதில் ஒன்று ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், இன்னொன்று பத்து தடிப் புத்தகம். ஒன்றைக் கல்லூரி போகும் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுக்கலாம், இன்னொன்றைப் பெரியவர்களே பாதியில் மூடி வைத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஆறு பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவை, ஒன்று மட்டும் போலிஷிலிருந்து மொழிபெயர்ப்பு. மந்திரமும் தொன்மமும் நிஜமாகவே நிறைந்தவை என்பதுதான் தேர்வுக்குக் காரணம். ‘டார்க்’ என்ற பெயரில் வரும் பலவற்றில் மந்திரம் இலை ஓரத்து ஊறுகாய்தான், அரசியலும் துரோகமும்தான் சோறு. அவற்றிலும் அருமையான நாவல்கள் உண்டு, ஆனால் இந்தக் கேள்விக்கு அவை பதில் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், அந்தக் கதையில் புராணம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒரு நாட்டின் தொன்மத்திலிருந்து ஒரு பேயைக் கொண்டுவந்து கதைக்குள் விடுவது சுலபம். அந்தப் பேயின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பூதத்தின் பெயரை எழுதிப் பாருங்கள். கதை ஒரு சிராய்ப்பும் இல்லாமல் ஓடினால் புராணம் அங்கே வெறும் ஒப்பனை. பெயரை மாற்றியதும் கதை நொண்டினால், எழுதியவர் அந்தத் தொன்மத்தோடு பல காலம் பழகியிருக்கிறார் என்று நம்பலாம்.

இரண்டாவது, மந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள். கையை அசைத்தால் நெருப்பு வரும், அப்புறம் ஒன்றும் ஆகாது என்றால் அது சாகசக் கதை. டார்க் ஃபேன்டசியில் மந்திரம் செய்தவரோ அவரைச் சேர்ந்தவரோ எதையாவது இழந்தே ஆக வேண்டும். புத்தியோ, உடம்போ, பிள்ளையோ. இழப்பு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, கதையின் அடுத்த திருப்பம் அந்த இழப்பிலிருந்து வர வேண்டும். ஒரு நாவல் தேறுமா தேறாதா என்று நான் முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, இருட்டு எதற்காக. பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் வந்தால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய கலிங்கத்துப்பரணியில் காளி கோயில் இருக்கிறது, தன் தலையைத் தானே அரிந்து வைக்கும் வீரர்கள் இருக்கிறார்கள், ‘இந்திரசாலம்’ என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அதில் இமயத்திலிருந்து வந்த கிழப் பேய் ஒன்று காளிக்கு மாய வித்தை காட்டும். கடைசியில் போர்க்களத்தில் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சும் பேய்கள், யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொண்டுதான் சாப்பிடப் போகும்! கோரம்தான், ஆனால் சிரிப்பும் வருகிறது. இருட்டை எழுதத் தெரிந்தவருக்கு நக்கலும் எழுத வரும் என்பது என் கணிப்பு. ஒரு இடத்தில்கூடச் சிரிக்க வைக்காத டார்க் ஃபேன்டசியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் தொடுவேன்.

மற்றவை நடைமுறை சார்ந்தவை. ஆங்கிலம் எவ்வளவு கடினம், எத்தனை பெயர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், தொடர் முடிந்துவிட்டதா. முதலில் சொன்ன சீரியலுக்கு மூலமான ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் தொடரின் ஐந்தாம் பாகம் வந்தது 2011இல். ஆறாம் பாகத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும். அப்புறம், உங்களுக்குத் தாங்காத விஷயம் எது என்பது. குழந்தைகள் சாவது, பாலியல் வன்முறை, போதை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை இருக்கும். அதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

| நாவல் | புராண மூலம் | மந்திரத்தின் விலை | அளவு | வாசிப்புச் சுமை | எச்சரிக்கை |
|---|---|---|---|---|---|
| தி விட்சர் | ஸ்லாவிய நாட்டுப்புறம், ஐரோப்பிய தேவதைக் கதைகள் | உருமாற்றப்பட்ட உடம்பு, பிள்ளையின்மை | 2 சிறுகதைத் தொகுப்பு, 5 நாவல், சில தனிக்கதைகள் | குறைவு | பின்பாதியில் அரசியல் மிகுதி |
| மிதேகோ வுட் | பிரிட்டனின் தொன்மங்கள், பனியுகம் வரை | குடும்பம், மனநிலை | தனி நாவல் | நடுத்தரம் | மெதுவான நடை |
| தி பாப்பி வார் | சீன தெய்வ மரபு | சித்தம் கலங்குதல் | 3 பாகம், முடிந்தது | குறைவு | போர்க் கொடுமை, போதை |
| பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப் | ஆப்பிரிக்கத் தொன்மங்கள் | ரத்தம், உடல் உறுப்பு | முத்தொகுதியின் முதல் பாகம் | அதிகம் | பாலியல் வன்முறை, குழந்தைகளுக்குத் தீங்கு |
| மலாசன் | ஆசிரியரே கட்டியெழுப்பியது | சாக முடியாத நிலை | 10 பாகம், முடிந்தது | மிக அதிகம் | தொடக்கத்தில் ஒன்றும் புரியாது |
| தி டிவவரர்ஸ் | ஓநாய் மனிதர்கள், ராட்சசர்கள் | பிற மனித உயிர், அடையாளம் | தனி நாவல் | நடுத்தரம் | பாலியல் வன்முறை, நரமாமிசம் |

## தி விட்சர் (ஆந்த்ஷெய் சப்கோவ்ஸ்கி)

கேம் ஆடியவர்களுக்கும் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தவர்களுக்கும் பெயர் தெரியும். ஆனால் இது தொடங்கியது 1986இல் ‘ஃபன்டாஸ்டிகா’ என்ற போலந்துப் பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதையில். அந்தக் கதையை ஒரு தடவை படித்தால் இந்தத் தொடர் உங்களுக்கானதா என்று தெரிந்துவிடும். ஒரு ராஜாவுக்கும் அவன் தங்கைக்கும் பிறந்த குழந்தை செத்துப்போய், சவப்பெட்டியிலேயே வளர்ந்து, ஸ்ட்ரிகா என்ற பிசாசாக எழுந்து ஊரைத் தின்கிறது. கெரால்ட் என்ற பேய்வேட்டைக்காரன் கூலி பேசிக்கொண்டு பாழடைந்த அரண்மனைக்குப் போகிறான். ராஜாவுக்கு மகள் உயிரோடு வேண்டும். சாபம் தீர ஒரே வழி, விடியும்வரை அவளைக் கல்லறைக்குத் திரும்ப விடாமல் தடுப்பது. அதற்குக் கெரால்ட் செய்வது, அவளுடைய கல் பெட்டிக்குள் தானே படுத்து மூடியை இழுத்துக்கொள்வது.

இதில் புராணம் ஒப்பனை இல்லை. ஸ்ட்ரிகாவை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. தேவதைக் கதைகளையும் இவர் சும்மா விடவில்லை. காட்டில் கொல்லப்படாமல் தப்பிய இளவரசி, குள்ளர்களோடு சேர்ந்து வழிப்பறி செய்து, கடைசியில் பழிவாங்க வருபவளாகத் திரும்புகிறாள். யார் கதை என்று சொல்லாமலே உங்களுக்குப் பிடிபடும். விலை விஷயத்திலும் கறார்தான். விட்சர்கள் எனப்படும் இந்தப் பேய்வேட்டைக்காரர்களை உருவாக்கும் சோதனையில் மாட்டும் சிறுவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, பிழைத்தவர்களுக்கும் பிள்ளை பிறக்காது. தொடரின் நடுவில் இருக்கும் அப்பா-மகள் பாசம் அந்த இழப்பிலிருந்துதான் கிளைக்கிறது. நக்கலுக்கோ குறையே இல்லை.

மறைந்திருக்கும் செலவு வரிசையில் இருக்கிறது. முதல் சிறுகதைத் தொகுப்பான ‘தி லாஸ்ட் விஷ்’ ஆங்கிலத்தில் 2007இல் வந்தது. கதைப்படி அடுத்து வர வேண்டிய ‘ஸோர்ட் ஆஃப் டெஸ்டினி’ தொகுப்பு 2015இல்தான் வந்தது. இடையில் நாவல்கள் வெளியாகிவிட்டதால், இன்றும் பலர் அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போய், கெரால்டும் அவனுக்கு மகள் போன்ற சிரியும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று விழிக்கிறார்கள். அதைத் தாண்டாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாவல்களுக்குள் போகப் போக பிசாசுகள் குறைந்து ராஜதந்திரம் கூடும். பெண்களை வர்ணிக்கும் விதம் சில இடங்களில் இன்று முகம் சுளிக்க வைக்கும்.

தினமும் ஒரு கதை என்று படிப்பவருக்கும், ஆங்கில நாவல் பழக்கம் இப்போதுதான் தொடங்குபவருக்கும் இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு தொகுப்போடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

## மிதேகோ வுட் (ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக்)

1984இல் வந்தது, மறு ஆண்டு உலக ஃபேன்டசி விருதைப் பகிர்ந்துகொண்டது. ஆறில் புராணத்தை மிக ஆழமாகத் தோண்டியிருப்பது இதுதான் என்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஸ்டீவன் வீடு திரும்புகிறான். வீட்டுக்குப் பின்னால் ரைஹோப் என்ற காடு. வெளியிலிருந்து சுற்றிவந்தால் சின்னக் காடு, உள்ளே போனால் முடிவதே இல்லை. மனிதர்களின் அடிமனதில் கிடக்கும் பழைய நாயகர்கள் அந்தக் காட்டுக்குள் ரத்தமும் சதையுமாக உருவாகி நடமாடுகிறார்கள். எவ்வளவு உள்ளே போகிறோமோ அவ்வளவு பழைய காலத்து உருவங்கள். ஆர்தர் ராஜாவுக்கு முன்னால், ரோமானியருக்கு முன்னால், பெயர்கூட மிஞ்சாத கதைகளின் நாயகர்கள். காட்டை ஆராய்வதிலேயே வாழ்நாளைத் தொலைத்த அப்பா இப்போது இல்லை. காட்டிலிருந்து கிளம்பிவரும் ஆதி உருவம், பன்றியும் மனிதனும் கலந்த ஒரு பிரம்மாண்டம், வெள்ளை மண் பூசிய முகத்தோடு வருகிறது. அந்த முகத்தில் அப்பாவின் சாயல்.

மந்திரத்துக்கு விலை இங்கே குடும்பமே. அப்பா, அண்ணன், தம்பி மூவரும் காடு படைத்த ஒரே பெண்ணின் மேல் பித்தாகிறார்கள். நாவலின் பலவீனமும் இங்கேதான். அந்தப் பெண் ஆண்களின் மனதிலிருந்து பிறந்தவள் என்பது கதையின் விதி. அந்த விதியைச் சொல்லியே அவளுக்கென்று ஒரு மனதைக் கொடுக்காமல் ஆசிரியர் தப்பித்துக்கொள்கிறார் என்று எனக்குப் படுகிறது.

மறைந்த செலவு பொறுமை. முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்குறிப்பும் கடிதமும் வீட்டுச் சூழலுமாக ஊர்ந்து போகும். சண்டைக் காட்சிக்காகப் படிப்பவர் கைவிட்டுவிடுவார். நாட்டார் வழக்காற்றியலில் ஆர்வம் உள்ளவர், அய்யனார் கோயில் காட்டுக்குள் போகும்போது குரல் தானாகத் தாழ்கிறதே என்று யோசித்தவர், இதை விடவே கூடாது. தொடர்ச்சியாக வேறு நாவல்கள் உண்டு, ஆனால் இது தனியாகவே நிற்கும்.

## தி பாப்பி வார் (ஆர். எஃப். குவாங்)

இதை வாங்குபவர்களில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மோசமான நாவல் என்பதால் அல்ல, முதல் பகுதி வேறொரு புத்தகத்தைப் போல இருப்பதால். போரில் பெற்றோரை இழந்த ரின் என்ற ஏழைப் பெண், கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். தூக்கம் வராமலிருக்க உருகும் மெழுகைக் கையில் விட்டுக்கொள்கிறாள். தேறி, நாட்டின் பெரிய ராணுவப் பள்ளியில் சேர்கிறாள். பணக்காரப் பிள்ளைகளின் கேலி, கிறுக்கு வாத்தியார், போட்டி என்று விறுவிறுவென்று போகும். இது இளைஞர் நாவல் போலிருக்கே என்று நினைக்கும்போது போர் வருகிறது.

அந்தப் போரின் பின்னால் இருப்பது நிஜ வரலாறு: 1937இல் தொடங்கிய சீன-ஜப்பானியப் போரும் நான்ஜிங் படுகொலையும். 21ஆம் அத்தியாயத்தில் ஒரு நகரம் அழிந்து கிடப்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். படிக்கவே முடியாத பக்கங்கள். ஆனால் மேலே சொன்ன மூன்றாவது அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது. இந்த இருட்டைக் குவாங் கற்பனையில் பிடித்துவரவில்லை, மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

மந்திரம் இங்கே ஷாமன்களின் வழி. அபினி போன்ற போதையின் உதவியோடு தெய்வங்களின் உலகத்துக்கு ஏறிப் போய் ஒரு தெய்வத்தை உடம்பில் இறக்கிக்கொள்கிறார்கள். நம்மூர் சாமியாடியைப் பார்த்திருப்பவருக்கு இந்த இடம் சட்டென்று புரியும். ஒரு வித்தியாசம், இங்கே சாமி மலையேறுவதில்லை. கடைசியில் தெய்வம் மட்டும் மிஞ்சும், ஆள் இருக்க மாட்டார். அப்படி ஆனவர்களை ஒரு மலைக்குள் கல்லோடு கல்லாகச் சிறைவைக்கிறார்கள். ரின்னுக்கு முன்னால் இருக்கும் வழிகளில் ஒன்று அந்த மலை என்பது நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆறில் மந்திரத்தின் விலையை இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்திருக்கும் நாவல் வேறில்லை.

2018, 2019, 2020 என்று ஆண்டுக்கு ஒன்றாக மூன்று பாகமும் வந்து முடிந்துவிட்டது. காத்திருக்க வேண்டாம். மொழி எளிமையானது, சில இடங்களில் பேச்சு இன்றைய கல்லூரி மாணவர்களின் பேச்சுபோல இருக்கும், அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நகைச்சுவை பள்ளிப் பகுதியோடு ஏறக்குறைய தீர்ந்துபோகும். ‘பள்ளிக்கூட மந்திரக் கதை’ என்று நினைத்து பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வரலாறு பிடிக்கும், போரைப் பூசி மெழுகாமல் எழுதினால் தாங்க முடியும் என்பவருக்கு இதுதான் முதல் தேர்வு.

## பிளாக் லெப்பர்ட், ரெட் வுல்ஃப் (மார்லன் ஜேம்ஸ்)

2015இல் புக்கர் பரிசு வாங்கிய ஜமைக்கா எழுத்தாளர் 2019இல் எழுதியது. தொலைந்த ஒரு குழந்தையைத் தேடும் கதை. குழந்தை செத்துவிட்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்! மிச்சத்தை, சிறையிலிருக்கும் டிராக்கர் என்பவன் விசாரணை அதிகாரியிடம் தன் போக்கில் சொல்கிறான். அவனுக்கு மோப்பம்தான் வரம். அவன் சொல்வதில் எது உண்மை என்பது உங்கள் பாடு.

தொன்மங்களின் செழிப்பில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூரையிலிருந்து இறங்கித் தாக்கும் ஓமோலுசு என்ற நிழல் பேய்கள் வருகின்றன. உங்கள் ரத்தத்தை யாராவது கூரையில் எறிந்துவிட்டால் அவை உங்களைத் தேடி வரும், கூரைக்குக் கீழே நிற்கும்வரை தப்பிக்க முடியாது. ஒரே ஒரு விதி, ஆனால் அதற்கப்புறம் கதையில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நம் கண் மேலே போகிறது. மேற்கு ஆப்பிரிக்க அகான் மக்களின் சசபோன்சம் என்ற பூதம், மின்னல் பறவை என்று கண்டத்தின் பல மூலைகளிலிருந்து உருவங்கள் வந்துகொண்டே இருக்கும்.

செலவும் அதற்கேற்ப. வாக்கிய அமைப்பே வேறு தாளத்தில் இருக்கும், உரையாடலில் யார் பேசுகிறார் என்று இரண்டு முறை பார்க்க வேண்டிவரும். பாலியல் வன்முறை நிறைய, குழந்தைகளுக்கு நடப்பது அதைவிடக் கனம். ஒவ்வொரு பாகமும் ஒரே நிகழ்ச்சியை வேறொருவர் வாயால் சொல்வது என்பது முத்தொகுதியின் திட்டம். 2022இல் வந்த இரண்டாவதில் சோகோலன் என்ற கிழவி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறாள். மூன்றாவது வந்துவிட்டதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அமைப்பினால் முதலாவதை மட்டும் படித்தாலும் அந்தரத்தில் தொங்க மாட்டீர்கள். இலக்கிய வாசிப்பு பழகியவர்களுக்கு விருந்து, மற்றவர்களுக்கு இது முதல் புத்தகமாக இருக்க வேண்டாம்.

## மலாசன் (ஸ்டீவன் எரிக்சன்)

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குத் தயாரானவர்கள் கட்டுரை படித்து முடிவெடுப்பவர்கள் அல்லர். 1999 முதல் 2011 வரை பத்துப் பாகம், மொத்தம் முப்பது லட்சம் சொற்களுக்கு மேல். எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர், அது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். இவர் கடன் வாங்காமல் ஒரு புராணத்தையே உற்பத்தி செய்தவர். எதிரிகளை ஒழித்தே தீர வேண்டும் என்பதற்காக ஒரு சடங்கு செய்து, ஒரு இனமே சாகாத எலும்புக்கூடுகளாக மாறிக்கொண்ட கதை ஒன்று இதில் வரும். பகைக்குக் காரணமே மங்கிப்போன பிறகும், லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். மந்திரத்துக்கு இப்படி ஒரு விலை.

முதல் பாகமான ‘கார்டன்ஸ் ஆஃப் த மூன்’ எதையும் விளக்காது. பாதிக்கும் மேலே போய்த்தான் யார் யாருக்கு எதிரி என்று பிடிபடும். பலர் கைவிடுவது இங்கேதான். இரண்டாம் பாகத்தில், அகதிகளைக் காப்பாற்றிக்கொண்டு பாலைவனம் கடக்கும் படையின் கதை வரும்வரை தாக்குப்பிடித்தால் அப்புறம் நீங்களே விட மாட்டீர்கள். நீண்ட விடுப்பு, தினமும் ரயிலில் போய்வரும் நேரம், குறிப்பு எடுத்துப் படிக்கும் பழக்கம் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் யோசிக்கலாம்.

## தி டிவவரர்ஸ் (இந்திர தாஸ்)

ஆறில் நமக்குப் பக்கத்தில் நடப்பது இது ஒன்றுதான். கொல்கத்தாவில், வங்காள நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டு இரவெல்லாம் நடக்கும் இடத்தில், வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரை ஒரு இளைஞன் சந்திக்கிறான். தான் பாதி ஓநாய் மனிதன் என்கிறான். பழைய சுவடிகளைக் கொடுத்துப் படியெடுக்கச் சொல்கிறான். அந்தச் சுவடிகள் எழுதப்பட்டிருப்பது மனிதத் தோலில்.

சுவடிகளின் கதை ஷாஜகான் காலத்தில் நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து மூன்று உருமாறிகள் முகலாய நாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் மனிதர்களைத் தின்னும்போது தின்னப்பட்டவர்களின் நினைவுகளும் உள்ளே வந்துவிடுகின்றன. ஒருவன் பெயர் ஃபென்ரிர், வடதேசப் புராணத்து ஓநாயின் பெயர். இன்னொருவன் பெயர் ஜெவோடான், பிரெஞ்சு ஊர்ப்பக்கத்தை நடுங்க வைத்த மிருகத்தை நினைவூட்டுவது. இங்கேயோ ஏற்கெனவே ராட்சசர்கள் இருக்கிறார்கள். பேய்களும் வணிகர்களைப்போல நாடு விட்டு நாடு வந்து, உள்ளூர்ப் பேய்களின் எல்லையில் நிற்கின்றன என்ற எண்ணமே எனக்குப் புதிதாக இருந்தது. ராட்சசன் என்ற உருவத்தை எடுத்துவிட்டு இந்த நாவலை எழுத முடியாது.

கதையின் மையத்தில் ஒரு பாலியல் வன்கொடுமை இருக்கிறது. சைரா என்ற பெண்ணுக்கு நடப்பது. முதலில் நடத்தியவன் தன் நியாயத்தை எழுதுகிறான், காதல் என்கிறான். அப்புறம் அவளே பேசத் தொடங்குகிறாள், அங்கே நாவல் நிமிர்கிறது. ‘மிதேகோ வுட்’ செய்யத் தவறியதை இது செய்துவிடுகிறது. உடம்பின் கழிவு, ரத்தம், வாடை எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதுவார், சாப்பிட்டுக்கொண்டே படிக்க முடியாது. பணச் செலவு குறைவு, ஒரே புத்தகம். நம் மண்ணில் நடக்கும் டார்க் ஃபேன்டசி வேண்டும், பெரிய தொடருக்கு நேரமில்லை என்பவர் நேராக இங்கே வரலாம்.

## பட்டியலுக்கு வெளியே தேடும்போது

இணையத்தில் ‘கிரிம்டார்க்’ என்று தேடாதீர்கள். 1987இல் வந்த ‘வார்ஹேமர் 40,000’ என்ற விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது. அதன் கீழே வருபவை பெரும்பாலும் கத்தி, கூலிப்படை, துரோகம் வகை, மந்திரம் சொற்பம். ‘மித்திக்’, ‘ஃபோக்லோர்’ என்ற சொற்களோடு ‘டார்க்’ சேர்த்துத் தேடினால் வேண்டியது கிடைக்கும். விருதுகளில் 1975 முதல் கொடுக்கப்படும் உலக ஃபேன்டசி விருதும், திகிலுக்கும் இருண்ட புனைவுக்குமான ஷெர்லி ஜாக்சன் விருதும் உதவும். வென்றதை மட்டும் பார்க்காமல் இறுதிப் பட்டியலையும் பாருங்கள், நல்லவை பல அங்கே நின்றுவிடும். இருட்டு கொஞ்சம் குறைவாக, பனியும் வீட்டுத் தெய்வங்களுமாக வேண்டுமென்றால் கேத்ரின் ஆர்டனின் வின்டர்நைட் முத்தொகுதி இருக்கிறது. ரஷ்ய மண், மூன்று பாகமும் முடிந்தது.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களால் பயனில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் புலம்பலைப் படியுங்கள். “ஒன்றுமே நடக்கவில்லை, காட்டைப் பற்றியே எழுதுகிறார்” என்று ஒருவர் குறைப்படுவது உங்களுக்குச் சிபாரிசாக இருக்கலாம். எது தாங்காது என்று தெரிந்தவர்கள், புத்தகத்தின் பெயரோடு ‘கன்டென்ட் வார்னிங்’ என்று சேர்த்துத் தேடினால் கதை முடிவு தெரியாமலே விவரம் கிடைக்கும்.

கிண்டிலில் தொடக்கப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும். அதில் மந்திரம் முதன்முதலில் நடக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். செய்தவர் என்ன இழந்தார், பார்த்தவர் எப்படி நடந்துகொண்டார் என்று மட்டும் கவனியுங்கள். அந்த இலவசப் பக்கங்களுக்குள் மந்திரமே வரவில்லை என்றால், வரப்போகிறது என்ற பயமாவது வர வேண்டும்.

காகிதப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்கள் தொடர் வாங்கும்போது எல்லாப் பாகமும் கையிருப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைகளில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருக்கும், இரண்டாவது மட்டும் இருக்காது. சீரியல் வந்த பிறகு அட்டையை மாற்றிவிடுவதால் பின்னால் வாங்கும் பாகம் அளவிலும் அட்டையிலும் பொருந்தாமல் போவதும் உண்டு. அலமாரி அழகு முக்கியம் என்றால் பெட்டியாக விற்கும் பதிப்பை வாங்குங்கள். இல்லையென்றால் முதல் பாகத்தை மட்டும் வாங்கி, அதில் பாதி தாண்டிய பிறகு மற்றதற்கு ஆர்டர் போடுங்கள்.